பழைய வண்டிக்குச் சாமான் வாங்கும் முன்: கவுண்ட்டரில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

திண்டுக்கல்லில் அப்பா வைத்திருந்த ஸ்பேர்ஸ் கடையின் கவுண்ட்டரில் 16 வருடம் நின்றிருக்கிறேன். கழற்றின சாமானைப் பேப்பரில் சுற்றி எடுத்து வருகிறவர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கடையை மூடிய பிறகும் விடவில்லை, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் பிரேக் ஷூவைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறார். சரி, ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாருதி 800, ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், டிவிஎஸ் எக்ஸ்எல், புல்லட், அம்பாசடர் என்று நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

அண்ணே, ஒரிஜினல், ஓ.இ., லோக்கல், டூப்ளிகேட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்னதான் வித்தியாசம்?

வண்டிக் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பிரேக் ஓர் இடத்திலிருந்து வரும், ஸ்டார்ட்டர் மோட்டார் இன்னோர் இடத்திலிருந்து வரும். நம் மாநிலத்திலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள்: சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், ஸ்டியரிங் சாமானுக்கு ரானே, பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், மீட்டருக்குக் கோயம்புத்தூர் பிரிகால், செயினுக்கு அதே கோயம்புத்தூரின் ரோலான். இவர்கள் செய்து கொடுத்ததை வண்டிக் கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்றால் அது 'கம்பெனி ஒரிஜினல்'. செய்தவரே தன் பெயரில், தன் பெட்டியில் கடைக்கு அனுப்பினால் அதைத்தான் கடைத்தெருவில் 'ஓ.இ.' என்கிறோம்.

லோக்கல் என்பது வேறு, டூப்ளிகேட் என்பது வேறு. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். லோக்கல்காரர் தன் பெயரைப் போட்டுத்தான் விற்கிறார். சாமான் சுமாராக இருக்கலாம், சிலது நன்றாகவே இருக்கும். டூப்ளிகேட்காரன் அடுத்தவன் பெயரை அச்சடித்து விற்கிறான். முதலாவதைத் தெரிந்து வாங்கலாம். இரண்டாவதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

அப்போ கம்பெனிப் பெட்டியும் சப்ளையர் பெட்டியும் உள்ளே ஒண்ணுதானா? எதுக்கு நாப்பது, அம்பது ரூபா கூடக் கொடுக்கணும்?

பல சாமான்களில் ஒன்றுதான். வண்டிக்கு யார் கொடுத்தார்களோ அதே ஆள், அதே சாமான் என்று உறுதியாகத் தெரிந்தால் சப்ளையர் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நானே என் வண்டிக்கு அப்படித்தான் வாங்குகிறேன்.

ஆனால் 'பெரிய பெயர்' என்பதும் 'என் வண்டிக்குக் கொடுத்தவர்' என்பதும் ஒன்றல்ல. ஒரு கம்பெனி லாரிக்கு அருமையான கிளட்ச் செய்யலாம், உங்கள் மாடலுக்கு அவர்கள் கொடுத்திருக்கவே மாட்டார்கள், கடைக்காக மட்டும் ஒன்று செய்து விற்பார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வண்டியிலிருந்து முதல் தடவை கழற்றின சாமானைத் துடைத்துப் பார்ப்பது. செய்தவர் பெயரோ முத்திரையோ பெரும்பாலும் அதிலேயே பதிந்திருக்கும்.

எல்லாத்தையும் ஒரிஜினலா போட்டா வண்டி விலையைவிடச் செலவு அதிகமாகுது சார். எதுல காசை மிச்சம் பண்ணலாம்?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். ஒரிஜினலா லோக்கலா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள்: இந்தச் சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போது போனால் என்ன ஆகும்?

ஆள் விழுவார், வண்டி நிற்காது, வண்டி திரும்பாது என்று பதில் வந்தால் அதில் காசு பார்க்காதீர்கள். பிரேக் ஷூ, பிரேக் பேட், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், டயர், பைக்காக இருந்தால் ஆக்சிலும் செயினும் பிரேக் கேபிளும். இந்த வரிசைக்குக் கம்பெனி ஒரிஜினல் அல்லது உறுதியான ஓ.இ., வேறு பேச்சே இல்லை.

வண்டி நடுவழியில் நின்றுவிடும் அல்லது ஒரு சின்னச் சாமான் போய்ப் பெரிய செலவை இழுத்துவிடும் என்றால் அது அடுத்த வரிசை. மாருதி 800-இன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், பெட்ரோல் பம்ப், கிளட்ச், ஆயில் சீல் (சுற்றும் ஷாஃப்ட் ஓரமாக எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). இங்கே சாமான் விலையை மட்டும் பார்க்காமல் பிரிக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கியர் பாக்ஸை இறக்கினால்தான் மாற்ற முடியும் என்கிற இடத்தில் நூறு ரூபாய் சீலுக்குப் பதில் ஐம்பது ரூபாய் சீல் போடுவது மிச்சமே இல்லை. மறுபடி இறக்கும் கூலியை யார் கொடுப்பது?

மீதியில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். சைடு மிரர், மட்கார்டு ரப்பர், கால் மிதி, ஜன்னல் சுற்றும் கைப்பிடி, சீட் கவர், பம்பர், வீல் கப், இண்டிகேட்டர் மூடி. இவை உடைந்தால் எரிச்சல் வரும், ஆபத்து வராது. இதற்கெல்லாம் கம்பெனிப் பெட்டி கேட்பவர்களுக்கு நானே லோக்கலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்பா முறைப்பார்.

இன்னும் ரெண்டு வருஷம்தான் ஓட்டப் போறேன். அதுக்கு எதுக்கு நல்ல பிரேக் ஷூ?

அந்த இரண்டு வருடத்திலும் மழைக்காலம் வரும், பின்னால் பிள்ளை உட்காரும். முதல் வரிசைச் சாமானுக்கு வண்டியின் மிச்ச ஆயுள் கணக்கில்லை. இரண்டாம் வரிசைக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கு ஓரளவு செல்லும்.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெட்டி அச்சு அசலா அப்படியே இருக்கே?

பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதவர் யாருமில்லை. நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு தடவை வெளியூர் ஏஜென்ட் ஒருவர் கொண்டுவந்த ஏர் ஃபில்டர்கள், ஹாலோகிராம் முதல் எல்லாம் இருந்தன. பிரித்தால் காகித மடிப்பு பாதிதான் இருந்தது. ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து மடிப்பை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஹாலோகிராமையும் அச்சடிக்க ஆளிருக்கிறது.

அதனால் பல சின்னச் சோதனைகளைச் சேர்த்துப் பாருங்கள். பொட்டலத்தில் விற்கும் பொருளில் தயாரித்தவர் பெயர் முகவரி, மாதம் வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் இருந்தாக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. இதில் ஏதாவது இல்லையென்றாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ, பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரும் உள்ளே சாமானில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வார்ப்பு விளிம்பில் பிசிறு, கையால் தட்டினால் உதிரும் பெயின்ட், நகத்தால் சுரண்டினால் போகும் அச்சு, பழையதைவிட எடை குறைவு, இவையெல்லாம் கெட்ட சகுனம்.

இன்னொன்று, ஸ்ப்ளெண்டர்காரர்களுக்கு. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து, கம்பெனி 2011-இல் ஹீரோ மோட்டோகார்ப் ஆகிவிட்டது. 'ஹீரோ ஹோண்டா ஜெனுயின் பார்ட்ஸ்' என்று அச்சிட்ட பெட்டியில் பேக் செய்த வருடம் 2022 என்று இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பில் போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்து விலை ஏறுமே, வேண்டாம்னு விட்டுடறேன். தப்பா?

தப்புதான். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச விலையில் வரி அடக்கம். அதற்குமேல் வரி என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிச் சாமான்களுக்கெல்லாம் ஒரே 18 சதவீதம்தான். அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. அதற்கு முன்னால் அச்சடித்த பழைய பெட்டி கையில் வந்தால், விலையைக் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

பில்லில் 'ஸ்பேர்ஸ் - 1' என்று எழுதிக் கொடுத்தால் அதனால் பயனில்லை. கம்பெனிப் பெயரும் பார்ட் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். டூப்ளிகேட் விற்கிறவர் இந்த இடத்தில்தான் மழுப்புவார். பிறகு பிரச்சினையென்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

மாருதி 800-னு சொன்னா போதாதா? எதுக்கு வருஷம், சேஸி நம்பர் எல்லாம் கேக்கறீங்க?

போதாது. மாருதி 800 வந்தது 1983-இல், நிறுத்தியது 2014-இல். முப்பது வருடம். ஒரே 796 சிசி என்றாலும் கார்புரேட்டர் வண்டியின் சாமான் வேறு, 2000-ஐ ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் முறை) வண்டியின் சாமான் வேறு. பெட்ரோல் பம்ப் ஒன்றுக்கொன்று சேரவே சேராது. ஸ்ப்ளெண்டரும் 1994-இலிருந்து பல தடவை மாறிவிட்டது.

பார்ட் நம்பர்தான் சாமானின் உண்மையான பெயர். கம்பெனி சில சமயம் பழைய நம்பரை நிறுத்திப் புது நம்பர் கொடுக்கும். சேஸி நம்பரைச் சொன்னால் கம்பெனி சாமான் கடையில் கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள்: மாற்றும் ஒவ்வொரு சாமானின் பெட்டியையும் நம்பர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை பேப்பரில் சுற்றி எடுத்து வர வேண்டியதில்லை. (ஆனாலும் எடுத்து வாருங்கள். கடைக்காரன் கண்ணால் பார்த்து ஒத்துவைத்துக் கொடுப்பது போல் வராது.)

பேரிங்குக்கும் வண்டி பேரைச் சொல்லித்தான் வாங்கணுமா?

இது மட்டும் விதிவிலக்கு, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட. சாதாரண பால் பேரிங்குக்கு உலகம் முழுக்க ஒரே எண் முறை. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6301 என்றால் 12, 37, 12. பைக்கோ, மிக்ஸியோ, தண்ணீர் மோட்டாரோ, யார் செய்திருந்தாலும் இதே அளவுதான். பக்கவாட்டு வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் போதும், வண்டிப் பெயர் தேவையில்லை. ஆயில் சீலும் இப்படித்தான்: மூன்று எண், உள்ளே, வெளியே, கனம்.

ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். இசட் இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. தண்ணீரும் சேறும் படும் சக்கரத்துக்கு ரப்பர் மூடி நல்லது. சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல், சூடாகும் இடத்துக்கானது. பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

அளவு ஒன்றே என்பதால்தான் இதில் டூப்ளிகேட்டும் ஏராளம். பழைய பேரிங்கைக் கழுவிப் பாலிஷ் போட்டுப் புதுப் பெட்டியில் விற்பதும் உண்டு. எஸ்.கே.எஃப். பேரிங்காக இருந்தால் அவர்களே 'ஆதெண்டிகேட்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பி, நிஜமா என்று கேட்கலாம்.

மெக்கானிக்கே சாமான் வாங்கிட்டு வந்துடறேங்கிறார். விடலாமா?

கடையில் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு. நானே கொடுத்திருக்கிறேன். அது ரகசியமும் இல்லை, பெரிய பாவமும் இல்லை, அலைந்து வாங்கி வருகிற நேரத்துக்கு அவருக்குக் கூலி வேண்டாமா? சிக்கல் எங்கே வருகிறதென்றால், கமிஷன் அதிகம் கொடுக்கும் கடை எப்போதும் நல்ல சாமான் விற்கும் கடையாக இருப்பதில்லை.

நம்பகமான மெக்கானிக் என்றால் விடுங்கள். பெட்டியையும் பில்லையும் கழற்றின பழைய சாமானையும் கொடுக்கச் சொல்லுங்கள், போதும். நீங்களே வாங்கிக் கொடுத்தால் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்: சாமான் தவறாக இருந்து மறுபடி பிரிக்க வேண்டி வந்தால் கூலி உங்கள் பொறுப்பு. கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, சாமானில் அவர் சம்பாதிக்கக் கூடாது என்று எதிர்பார்த்தால் மட்டும் நடக்காது.

புதுப்பேட்டையில பழைய சாமான் பாதி விலைக்குக் கிடைக்குதாமே? வாங்கலாமா?

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையும் கோயம்புத்தூர் உக்கடமும் இல்லையென்றால் பாதிப் பழைய வண்டிகள் எப்போதோ ஷெட்டுக்குப் போயிருக்கும். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. கதவு, பானெட், கண்ணாடி, சீட் சட்டம், டேஷ்போர்டு, ஹெட்லைட் கூடு, கியர் பாக்ஸ் கூடு, ரிம் (சுற்றிவிட்டு நெளிவு பார்த்து) போன்றவற்றுக்குப் புது லோக்கலைவிடக் கழற்றின கம்பெனிச் சாமான் பல சமயம் மேல். தகடு கனமாக இருக்கும், துளைகள் சரியாகப் பொருந்தும்.

மேலே சொன்ன முதல் வரிசையை மட்டும் அங்கே வாங்காதீர்கள். பழைய பிரேக், பழைய பால் ஜாயிண்ட், பழைய டயர் வேண்டவே வேண்டாம். தேய்ந்த டயரில் மறுபடி பட்டன் (தரையைப் பிடிக்கும் வரி) வெட்டிக் கறுப்பு பூசி வைத்திருப்பார்கள், பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். பெல்ட், ஹோஸ், சீல் என்று ரப்பர் எதுவானாலும் பழையது வேண்டாம்.

அப்போ இன்ஜினையே அங்க வாங்கி மாத்திட்டா?

இன்ஜினில் நம்பர் இருக்கிறது, அந்த நம்பர் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இப்படி மாற்ற ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதமும் பில்லும் வேண்டும். காகிதம் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கும்போது நம்பரைப் பார்ப்பார்கள், அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

காகிதம் சரியாக இல்லையென்றால் உங்கள் இன்ஜினையே பிரித்துச் செய்யுங்கள்.

இன்ஜின் செய்யப் போறோம். போர் போடணும்னு லேத்துல சொல்றாங்க. எந்த பிஸ்டன் வாங்கறது?

போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது. முதலில், எதை முன்னால் செய்வது என்று பார்ப்போம். பிஸ்டனை வாங்கிக்கொண்டு லேத்துக்குப் போங்கள். போரைப் போட்டுவிட்டு பிஸ்டன் தேடி வராதீர்கள். சிலிண்டர் தேய்ந்த அளவைப் பொறுத்து 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வரும். கையில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்றபடிதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இருக்கும் இடைவெளி தலைமுடிக் கனத்தைவிடக் குறைவு. எல்லா 0.50-யும் ஒன்றுதானே என்று முதலில் கடைந்துவிட்டுப் பிறகு வேறு கம்பெனி பிஸ்டனைப் போட்டால் ஜாம் ஆகும், அல்லது புகை கக்கும்.

எதுவரை கடையலாம் என்பதும் முக்கியம். எடுத்த எடுப்பில் 1.00-க்குப் போய்விட்டால் அடுத்த தடவை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் புது உறை) போட வேண்டியதுதான். லேத்காரர் 0.25-இலேயே சுத்தமாகிவிடும் என்றால் அதற்கான பிஸ்டன் இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் காத்திருங்கள். கடையில் இருப்பு இல்லாததால் 0.50 எடுத்துத் தலையில் கட்டுவது எங்கள் தொழிலில் நடக்கிற ஒன்று. கேஸ்கெட் செட்டையும் அப்போதே நல்லதாக வாங்குங்கள், ஏனென்று கூலிக் கணக்கில் சொல்லிவிட்டேன்.

ஸ்பார்க் பிளக் மட்டும் வேற கம்பெனி போட்டா ஓடாதா?

ஓடும், ஆனால் நம்பரை அப்படியே ஒப்பிடாதீர்கள். என்.ஜி.கே.யில் எண் கூடினால் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் குளிர் ரகம். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூட்டு ரகம். நேர் எதிர். (பாஷை இன்னும் 'மைக்கோ' என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி 2008-இலேயே பெயரை மாற்றிக்கொண்டது.) அதனால் அந்தந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் வண்டிக்கு எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நடுக்கம்பி சரியாக மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டூப்ளிகேட் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பிரேக் ஷூ வலது பக்கம்தான் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தினா போதுமா?

காரில் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். அதோடு, ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஆயில் சீல் கசிந்து ஷூவில் எண்ணெய் இறங்கியிருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புது ஷூ போட்டால் அதுவும் அதே வழிதான்.

பிரேக் ஆயிலும் சாமான்தான், யாரும் அப்படி நினைப்பதில்லை. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140-இலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு அது 230, 155. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு என்பதால், மூடி திறந்து வருடக்கணக்கில் ஷெல்ஃபில் இருந்த பாதி டப்பாவை ஊற்ற விடாதீர்கள். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது, கொடைக்கானல் மலை இறங்கும்போதுதான் அந்த 140-க்கு அர்த்தம் தெரியும்.

பழைய லைனிங்கில் (ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் ஊதும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மெக்கானிக் சிரிப்பார், பரவாயில்லை.

பைக்ல செயின் மட்டும் மாத்தலாமா?

வேண்டாம். தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றும் செட்டாகத்தான். பின் பல்சக்கரத்தின் கடைசி ஓரத்தில் செயினைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், பாதிப் பல் வெளியே தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

எங்க அப்பா வாங்கி வச்ச கம்பெனிச் சாமான், 15 வருஷமா பிரிக்காம அப்படியே இருக்கு. போடலாமா?

இரும்பாக இருந்தால் துரு பார்த்துப் போடலாம். கியர், ஷாஃப்ட், வால்வு, பிஸ்டன் எல்லாம் இன்று கிடைப்பதைவிட நன்றாகக்கூட இருக்கும், கொடுத்து வைத்தவர் நீங்கள். ரப்பராக இருந்தால் வேண்டாம். சீல், ஹோஸ், பெல்ட், வீல் சிலிண்டர் கப் இவற்றுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். மடக்கிப் பார்த்தால் மேலே முடி போலக் கோடுகள் விழும்.

டயரில் வயதை மறைக்க முடியாது. பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். மாருதி 800-இன் 12 அங்குல டயர் போல அதிகம் விற்காத அளவுகளில் கடையில் நாள்பட்ட சரக்கு நிற்பது சகஜம், வாங்கும் முன் குனிந்து பாருங்கள்.

ஈ20 பெட்ரோல் வந்ததுக்கப்புறம் பழைய வண்டிக்கு எந்த ரப்பர் வாங்கறது?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய வண்டிகளில் சில ரப்பர் சாமான்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. என் அனுபவத்தில், ஏற்கெனவே வயதான ரப்பர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறது. ஊதிப்போகும், பிசுபிசுக்கும், அல்லது காய்ந்து விரியும்.

பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் ஓ ரிங், மிதவை ஊசி, டேங்க் டேப் வாஷர் இவற்றை மாற்றும்போது ஈ20-க்கு ஏற்றது என்று பெட்டியிலோ சாமானிலோ எழுதியிருப்பதைக் கேளுங்கள். இதே வண்டி மாடல் 2023-க்குப் பிறகும் விற்பனையில் இருந்தால் அதன் புதுப் பார்ட் நம்பரைக் கேட்பது நல்ல வழி. மீன் தொட்டிக்குப் போடுகிற மாதிரியான, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பெட்ரோல் லைனில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இறுகிக் கிளிப்பிலிருந்து கழன்றால் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் ஒழுகும். இதை முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிச் சாமானைவிடப் பவரானது போட்டா இன்னும் நல்லதுதானே? 100 வாட் ஹெட்லைட் மாதிரி?

கம்பெனி போட்ட 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10. நூறு வாட் போட்டால் இரண்டுக்கும் 16-க்கு மேல். இருபது வருட வயர், இருபது வருட சுவிட்ச். எங்கே உருகும் என்று நீங்களே சொல்லுங்கள். சட்டப்படியும் அது சாலைக்கு ஆகாது. பழைய ஹெட்லைட்டின் உள்வெள்ளிப் பூச்சு போயிருந்தால் கூட்டை மாற்றுங்கள், அதே 60 வாட்டில் வெளிச்சம் திரும்பி வரும்.

ஆன்லைன்ல பாதி விலைக்கு வருதே அண்ணே?

விற்பவர் யார் என்று பாருங்கள். வண்டிக் கம்பெனியோ சப்ளையரோ நேரடியாக விற்றால் சரி. மூன்றாம் ஆள் விற்பது என்றால் டூப்ளிகேட் கேள்விக்குச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும், ஒரே வித்தியாசம், பணம் கொடுத்த பிறகுதான் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.

கம்பெனியே இப்போ அந்தச் சாமானைச் செய்யறதில்லையாம். என்ன பண்றது?

அம்பாசடர்காரர்கள் 2014-இலிருந்து இதோடுதான் வாழ்கிறார்கள். பீதி அடையாதீர்கள். முதலில் அது உண்மையிலேயே உங்கள் வண்டிக்கு மட்டுமான சாமானா என்று பாருங்கள். பேரிங், சீல், பெல்ட், பல்பு எல்லாம் அளவை வைத்து வாங்கக்கூடியவை, பேரிங் கேள்வியில் சொன்னபடி. ஃபேன் பெல்ட்டின் முதுகில் நீளம் அகலம் எண்ணாக இருக்கும், அதைச் சொன்னால் மதுரை ஃபென்னர் கம்பெனி பெல்ட்டிலேயே ஒன்று கிடைக்கும்.

அடுத்து, சரிசெய்யக்கூடியதா என்று பாருங்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டலாம், ரேடியேட்டருக்குக் கோர் மாற்றலாம், சிலிண்டருக்கு ஸ்லீவ் இறக்கலாம், டைனமோவுக்குக் காயில் சுற்றலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கண்டுபிடித்தால் நம்பரை வாங்கி வையுங்கள். ஸ்டியரிங் சாமானை மட்டும் வெல்டு வைத்துச் சமாளிக்க விடாதீர்கள்.

நல்ல கடையில, பில்லோட, ஒரிஜினல்தான் வாங்கினேன். ரெண்டே மாசத்துல போயிடுச்சு. என்னை ஏமாத்திட்டாங்களா?

இருக்கலாம். ஆனால் திரும்பி வந்த சாமான்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் சாமானின் குற்றம் இல்லை. வெளி வளையத்தில் அழுத்த வேண்டிய பேரிங்கை உள் வளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றியிருப்பார்கள், உருண்டைகளின் தடம் உள்ளே பதிந்திருக்கும். சார்ஜிங் கோளாறைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டிருப்பார்கள். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஏறியிருக்கும்.

ஒருவர் ஒரே ஸ்ப்ளெண்டருக்கு மூன்றாவது தடவையாக முன் பல்சக்கரத்துப் பக்கத்து ஆயில் சீல் வாங்க வந்தார். மூன்றும் கம்பெனிப் பெட்டி. வரும்போதெல்லாம் எங்கள் கடையைத் திட்டினார். மூன்றாவது தடவை அப்பா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு மெக்கானிக் ஷெட்டுக்கே போனார். சீலைக் கழற்றி, ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்து, நகத்தை அதன் மேல் ஓட்டச் சொன்னார். சீல் உதடு உட்காரும் இடத்தில் நகம் தடுக்கி நின்றது. இருபது வருடம் சுற்றிச் சுற்றி அங்கே ஒரு பள்ளம். அன்றைக்கு நான்காவது சீல் விற்கவில்லை.